இரண்டு பேருக்கு ஒரு காக்கிச் சட்டை

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். காக்கிச் சட்டை ஒன்றுதான். காலையில் எழுந்து அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறவர் யாரோ அவர்தான் அன்றைக்குக் கந்தவேல். மற்றவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார். பத்து வருஷம் இப்படித்தான் ஓடியது. இதில் தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கு இப்போதும் தோன்றவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

கந்தவேல் என்பது என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன். என் வீட்டுக்காரர் பெயர் திருமலைச்சாமி. கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் பூம்பாறையில், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் காடு எங்களுக்கு. பூண்டு போடுவோம், ஊடே உருளைக்கிழங்கு. பாகம் பிரிக்கவில்லை. ஓடைத் தண்ணீர் ஊருக்கே பொது. முறை வைத்துத்தான் பாய்ச்சிக்கொள்வோம். முறை நாளில் அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி போய் மடை திறப்பான், தம்பி ஊரில் இல்லாவிட்டால் மச்சினன் போய்த் திறப்பான். நீ யார் என்று தண்ணீர் கேட்காது. பஸ் வேலையையும் அந்த வழக்கத்தில்தான் அண்ணனும் தம்பியும் எடுத்துக்கொண்டார்கள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மூத்தார் கம்பெனி பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் கம்பெனி என்றால், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கும் அங்கிருந்து எங்கள் ஊருக்கும் பஸ் விடுகிற அந்த ஒரு கம்பெனிதான். சேர்ந்த சில மாதத்தில் பூண்டு பிடுங்குகிற நேரம் வந்துவிட்டது. பூண்டு விஷயத்தில் மூத்தாரை விட்டால் ஆள் கிடையாது. எந்த நாளில் பிடுங்க வேண்டும், எவ்வளவு காலம் புகையில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. அதனால் தம்பியிடம் சட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். டிரைவர் வேலுச்சாமி, வத்தலக்குண்டுக்காரர், இவரை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"ஏலே, கந்தவேல் எங்க?"

"அண்ணனுக்குக் காட்டுல சோலி கெடக்குண்ணே. நான் தம்பி."

"கட்டை போடத் தெரியுமா?"

"சொல்லிக் குடுத்தீங்கன்னா போடுவேன்."

அவ்வளவுதான் விசாரணை. அந்தக் காலத்து பஸ் மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்பாது. பாதியில் நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் ஏற்ற வேண்டும். பிரேக்கை நம்ப முடியாது. கிளீனர் பின்படியிலிருந்து குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுப்பார். வண்டி முன்னால் நகர்ந்ததும் கட்டையை உருவிக்கொண்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வார். கட்டை கொஞ்சம் பிந்தினால் வண்டி பள்ளத்தில் கிடக்கும். அந்த வேலையை என் வீட்டுக்காரர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு காட்டில் வேலை இருந்தால் மூத்தார் காட்டில், இவர் பஸ்ஸில். வேலை இல்லாவிட்டால் இவர் காட்டில், அவர் பஸ்ஸில். மேனேஜர் "கந்தவேல்" என்று கூப்பிட்டால் சட்டைக்குள் இருப்பவர் "ஐயா" என்று போய் நிற்பார். லீவு இல்லாத கிளீனர் என்று கம்பெனிக்கும் பரம திருப்தி. என் கல்யாணத்துக்கு வந்த கம்பெனி ஆட்கள் மாப்பிள்ளையைக் கந்தவேல் என்றே கூப்பிட்டார்கள். மகள் அன்னக்கொடியைத் தப்பான ஆளுக்குக் கொடுத்துவிட்டோமோ என்று என் அப்பா ஒரு நாழி முழித்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில் மூத்தார் போட்ட கட்டை ஈரத்தில் வழுக்கிவிட்டது. வண்டி பின்னால் நகர்ந்து ஓரக் கல்லில் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து கிடந்த மனுஷன், அந்தக் கல்லுக்கு அப்பால் இருந்த பள்ளத்தை முழுசாகப் பார்த்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். அதன் பிறகு அவருடைய முறை குறைந்துகொண்டே வந்தது. சட்டை எங்கள் பக்கத்து ஆணியிலேயே தொங்கத் தொடங்கியது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

என் வீட்டுக்காரருக்கு பஸ் என்றால் பித்து. வேலுச்சாமி அண்ணனுக்கும் இவரைப் பிடித்துப்போயிற்று. முதலில் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தவிட்டார். பிறகு அடிவாரத்துச் சமவெளியில் ஸ்டீரிங்கைக் கொடுத்தார். பிறகு ஆள் ஏறாத வண்டியை மலை மேல் ஏற்றவும் கொடுத்தார். இவர் வீட்டில் தூங்கும்போதுகூட இடது கால் துணியை மிதித்துக்கொண்டே இருக்கும். வேலுச்சாமி அண்ணனே மதுரைக்குக் கூட்டிப்போய் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். அங்கே ஓட்டிக் காட்டியது இவர் என்பதால் லைசென்ஸும் திருமலைச்சாமி என்றுதான் வந்தது.

"சட்டைக்கு ஒரு பேரு, லைசென்சுக்கு ஒரு பேரா? நாளைக்கு எந்தப் பேருக்குச் சோறு போடணும்?" என்று கேட்டேன்.

"சீட்டு காலியாகட்டும். அப்பப் பாத்துக்கலாம்" என்றார்.

வேலுச்சாமி அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அடுத்த சீசன் முடிந்தால் இறங்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அந்த சீட்டின் மேல்தான் எங்கள் உயிரே இருந்தது. மலைப்பாதை டிரைவர் என்றால் சும்மாவா? ஊர் நின்று பார்க்கும். எனக்கு அதைவிட, அந்த மனுஷன் ஆசைப்பட்ட ஒன்று அவர் கைக்கு வர வேண்டும் என்று இருந்தது. அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நடுவில் ஒரு அநியாயம் நடந்தது. முதலாளியின் மச்சான் மகன், சமவெளியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், வந்த மறுநாளே டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். கட்டை போட்டுப் போட்டுக் கை காய்த்துப்போன கிளீனர்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில்தான் சங்கம் சூடு பிடித்தது. கொடைக்கானல் ஸ்டாண்டில் புக்கிங் கிளார்க்காக இருந்த பொன்னுவேல் சங்கச் செயலாளர். அறுபத்திரண்டில், சரியாகச் சீசன் நேரத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வெயிலுக்குப் பயந்து மலையேற வந்த பணக்காரர்கள் வத்தலக்குண்டில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு ஸ்டாண்டிலேயே கிடந்தார். பட்டினியும் கிடந்தார். கடைசியில் முதலாளி இறங்கி வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

பெஞ்சின் மேல் ஏறி நின்று பொன்னுவேல் அதைப் படித்துச் சொன்னதை இவர் வீட்டுக்கு வந்து வரி மாறாமல் சொன்னார். இனிமேல் சீனியாரிட்டிதான். யார் முதலில் சேர்ந்தாரோ அவருக்குத்தான் முதலில் டிரைவர் பயிற்சி, பயிற்சியில் தேறினால் அவருக்குத்தான் சீட்டு. சொந்தக்காரன், வேண்டியவன் என்று யாரையும் நடுவில் நுழைக்க முடியாது. ஒருவருடைய சீனியாரிட்டி இன்னொருவருக்குப் போகாது. பதிலாள் அனுப்புகிற பழக்கம் கிடையாது. எல்லாருக்கும் படம் ஒட்டிய அட்டை. கிளீனர்களில் முதல் பெயர் யாருடையது என்று பொன்னுவேல் கேட்டாராம். கந்தவேல் என்று எல்லாரும் கத்தி, என் வீட்டுக்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டார்களாம்.

சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். நானும் கரண்டியைக் கீழே வைத்தேன்.

அடுப்படியில் முருகம்மாள் அக்கா, மூத்தார் மனைவி, பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் மூத்தார் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் காதில் விழுந்துவிட்டது.

"அதுக்கென்ன, நாளைக்கு ரெண்டு பேரும் போயி, இப்பிடி இப்பிடின்னு சொல்லிட்டா தீந்துச்சு. பேர மாத்தி எழுதிக்கிடுவாக" என்றார்.

லைசென்ஸ் ஒரு பேரில், வேலை ஒரு பேரில் இருக்கும்போது மறைக்கவும் வழியில்லை. தவிர, மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் முறையை யாரும் மறைப்பார்களா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானல் சந்தை. வெள்ளனே கிளம்பினோம். பூண்டு விற்கப் போகிறவள் போல நானும் போனேன். கம்பெனி ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே கூடையை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். மூத்தார் எல்லாவற்றையும் ஒளிவில்லாமல் சொன்னார். மேனேஜர் கெட்டவர் இல்லை. முதலில் அவருக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இத்தன வருஷமா வேலை பாத்தது யாருய்யா?"

"ரெண்டு பேரும்தாங்க. தம்பிதான் கூட."

"யாரு சேந்தது?"

"நானுங்க."

"அப்ப இவரு யாரு?"

மூத்தாருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "தம்பிங்க" என்றார் மறுபடியும்.

மேனேஜர் வேலுச்சாமி அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் நெஞ்சில் அடித்து, இவனைவிட இந்த மலையில் ஓட்டத் தெரிந்தவன் கிடையாது என்று சொன்னார். மேனேஜர் நம்பினார். நம்பி என்ன செய்ய? ஆள்மாறாட்டம் என்று போலீசுக்குப் போகாமல் விடுவதே தன்னால் ஆன உதவி என்றார். ரிஜிஸ்தர்படி திருமலைச்சாமி என்று ஒரு ஆள் இந்தக் கம்பெனியில் ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை. பெயரை மாற்றிப் போட்டால் சங்கமே தன் கழுத்தைப் பிடிக்கும் என்றார். "பொன்னுவேலக் கேட்டுக்கங்க. இது அவங்க கேட்டு வாங்கின ஒப்பந்தம்."

நான் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பொன்னுவேல் டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு வெளியே வந்தார்.

"அண்ணே, வேலை பாத்தது இவரு. உங்களோட பட்டினி கெடந்தது இவரு. ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதா தங்கச்சி? தோள்ல தூக்கினவன்ல நானும் ஒருத்தன்."

"பெறகென்ன? நீங்க சொன்னா எழுதிருவாக."

பொன்னுவேல் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "அண்ணன் சீனியாரிட்டிய தம்பிக்குக் குடுக்கலாம்னு இன்னைக்கு நான் ஒத்துக்கிடுறேன்னு வைங்க. நாளைக்கே முதலாளி மச்சான் மகன் வந்து நிப்பான். ஏதோ ஒரு பழைய கிளீனரைக் காட்டி, இவரு எனக்குச் சித்தப்பா, அவரு சீனியாரிட்டி எனக்குன்னுவான். எந்த வாயால வேண்டாம்பேன்? அந்த ஒரு வரிக்காகத்தானம்மா அத்தன பேரு பட்டினி கெடந்தோம்."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் ஒரு ஓட்டையாவது இருக்காதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. கெட்டவன் ஒருவன் எதிரில் நின்றால் மண்ணை வாரித் தூற்றலாம். நல்லவனை என்ன செய்வது?

"புதுசாக் கிளீனரு எடுத்தா சொல்லிவிடுறேன். ஆனா வரிசையில கடைசியிலதான் நிக்கணும்" என்றார் பொன்னுவேல். பிறகு அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது, ஜன்னலைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் வேறு கம்பெனிகளுக்கும் போனார். திண்டுக்கல், பழனி, தேனி எல்லாம் அலைந்தார். லைசென்ஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தவர்கள், மலைப்பாதையில் எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறீர்கள், சர்வீஸ் சர்டிபிகேட் எங்கே என்று கேட்டார்கள். பத்து வருஷம் மலையில் ஏறி இறங்கிய மனுஷனிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. திரும்பி வந்துவிட்டார்.

வீட்டில் இனிமேல் என்ன என்று பேச்சு வந்தது. சட்டைக்குள் இனி மூத்தார் ஒருவர்தான் நுழைய முடியும். பயிற்சிக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் போகவில்லை என்றால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும். வேலைக்கே போகவில்லை என்றால் பத்து வருஷமும் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

"நீ ஓட்டப் போறதில்லைன்னு ஆகிப்போச்சு. நம்ம வீட்ட விட்டாவது போகாம இருக்கட்டும். நான் பழகுறேன், எனக்குச் சொல்லிக் குடு" என்றார் மூத்தார் தம்பியிடம். அந்தப் பள்ளத்தைப் பார்த்த மனுஷன் இதைச் சொன்னார்.

அப்புறம் நடந்ததைச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாசலில் ஒரு பலகையைப் போட்டு அண்ணனை உட்காரவைத்தார் தம்பி. காலடியில் மூன்று கல். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். பக்கத்தில் மண்வெட்டிக் காம்பை நட்டு அதுதான் கியர் என்றார். ஸ்டீரிங்குக்கு நான் அரிசி புடைக்கிற சுளகை வாங்கிக்கொண்டார். "வளவு வருதுண்ணே. கிளட்ச மிதி. செகண்டுக்குக் கொண்டாந்துரு. இப்ப மெதுவா விடு, வெரசா விடாத, காலுக்கடியில முட்டை இருக்குன்னு நெனச்சுக்க." மூத்தார் பல்லைக் கடித்துக்கொண்டு சுளகைத் திருப்புவார். முருகம்மாள் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். பலகையில் அவர் நன்றாகத்தான் ஓட்டினார். பார்க்கப் பார்க்க எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. தனக்குத் தெரிந்த ஒவ்வொன்றையும் கண் முன்னாலேயே எடுத்து அண்ணன் கையில் வைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முகத்தை மட்டும் நான் பார்க்காமல் இருந்தேன்.

மேனேஜரையும் வேலுச்சாமி அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டுகிற நாள் வந்தது. எங்கள் ஊரிலிருந்து மேலே கொடைக்கானல் போகும் ரோட்டில், ஆள் ஏறாத வண்டி. கிளீனராகக் குமாரவேல் என்று, பக்கத்துக் கிளாவரை ஊர்ப் பையன். பெயர் வரிசையில் மூத்தாருக்கு அடுத்தவன். கட்டை போட அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான்.

நாங்கள் மூன்று பேரும் காட்டில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் ஊருக்கு மேலே இருக்கிற கொண்டை ஊசி வளைவு நன்றாகத் தெரியும். பஸ் முனகிக்கொண்டே ஏறியது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் போறாக. இப்ப செகண்டு. போட்டுருண்ணே. போடு."

வளைவில் வண்டி நின்றது. பின்னால் எடுக்க வேண்டிய இடம் அது. பின்னால் எடுத்தால் சக்கரத்துக்கு அப்பால் பள்ளம். எஞ்சின் ஒரு தடவை உறுமி அணைந்துபோயிற்று. வண்டி தானாகவே பின்னால் நகர்ந்தது.

முருகம்மாள் அக்கா என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். நாலு பாத்தி தாண்டி நின்றுவிட்டார். எங்கே ஓடுவது? அவருக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் மலையின் ஒரு பக்கம் முழுக்கக் கிடந்தது.

குமாரவேல் குதித்தான். கட்டையைக் கையால் வைக்கவில்லை, காலால் தள்ளினான். கையால் வைத்தால் விரல் போய்விடும், காலால் தள்ளு என்று சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு மூத்தார் இறங்கினார். ரோட்டோரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலுச்சாமி அண்ணன் ஏறி வண்டியை எடுத்துப்போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் மூத்தார் அடுப்படி வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. எதுவானாலும் அக்கா வழியாகத்தான்.

"அன்னக்கொடிகிட்டச் சொல்லு. நான் வேணுமின்னு செய்யல. காலு எனக்குச் சொன்ன பேச்சுக் கேக்கல" என்றார் முருகம்மாள் அக்காவிடம்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, "தெரியும் மாமா. சாப்பிட வாங்க" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.

சீட்டு குமாரவேலுக்குப் போனது. அவனும் நல்லவன்தான். அவனுக்கு வண்டி சொல்லிக் கொடுத்ததும் வேலுச்சாமி அண்ணன்தான், ஆனால் மலையில் ஏற்றும்போது திருமலைச்சாமி அண்ணன் எந்த இடத்தில் கியர் மாற்றுவாரோ அங்கேதான் நானும் மாற்றுகிறேன் என்று எங்கள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் காப்பி கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

மூத்தார் கிளீனராகவே நின்றார். அட்டையில் அவர் படம் ஒட்டியாயிற்று. பூண்டு நட்டாலும் பிடுங்கினாலும் அவர்தான் போக வேண்டும். சங்கம் வாங்கிக் கொடுத்த நிரந்தர வேலை. விட்டால் திரும்பக் கிடைக்காது. மாதா மாதம் வருகிற சம்பளம் இல்லாமல் இரண்டு குடும்பம் பிழைக்கவும் முடியாது. காடு என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. அவருக்குப் பூண்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மூட்டையை பஸ் மேல் ஏற்றக் கட்டுவதுதான். காக்கிச் சட்டை அக்கா பக்கத்து ஆணிக்குப் போய்விட்டது. அதைத் துவைக்கிற வேலை எனக்கு மிச்சம் என்று சொல்லிச் சிரித்துப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த போகத்தில் பூண்டு மஞ்சளடித்துவிட்டது. தாள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. இவர் பதறிப்போய் இன்னும் தண்ணீர் விட்டார். மத்தியானம் பஸ் வந்து திரும்பும்போது எங்கள் காட்டுக்கு நேர் மேலே நின்றது. பின்படியிலிருந்து மூத்தார் இறங்கி, ரோட்டோரத்தில் நின்று கீழே பார்த்தார். அவர் முகம் போன போக்கு கீழே காட்டில் நின்ற எனக்கே தெரிந்தது. சரிவில் ஒரு கால் வைத்து இறங்கத் தொடங்கினார். பஸ்ஸில் ஹாரன் அடித்தது. குமாரவேலைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கு நேரம்.

மூத்தார் வைத்த காலை எடுத்துக்கொண்டார். அங்கிருந்தே கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

"ஏலே, தண்ணிய அடை. வேரு அழுகுது. மடைய அடைச்சிட்டு மண்ணக் கிளறி விடு."

இவர் நிமிர்ந்து நின்று பதிலுக்குக் கத்தினார். "சரிண்ணே. வண்டியில கிளட்ச் நழுவுது, சத்தம் கேக்குது. இன்னைக்கே பாக்கச் சொல்லு. ஏத்தத்துல விட்டுரும்."

இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மூத்தார் கட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் ஏறினார். பஸ் கிளம்பியது. நான் மடையை அடைக்கப் போனேன். திரும்பிப் பார்த்தபோது என் வீட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார். பஸ் வளைவை நெருங்கியது. இவருடைய இடது கால் பாத்திச் சேற்றில் மெல்ல அமுங்கியது. இடது கை மண்வெட்டிக் காம்பைத் தன் பக்கமாக இழுத்தது. மேலே கியர் மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு கால் மெதுவாக, அடியில் முட்டை இருப்பதுபோல, மேலே வந்தது.

நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரைச் சபிப்பது என்று தெரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. பஸ் அடுத்த வளைவுக்கு ஏறிக்கொண்டிருந்தது, அவருக்கு இன்னொரு கியர் மாற்ற வேண்டியிருந்தது.